பிரித்து வைத்த செருப்புகள்

சிங்கப்பூரில், தெம்பனிஸ் வட்டாரத்தில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் அடுக்குமாடி வீட்டின் எதிர்வீட்டில் ஒரு சீன அம்மாள் இருக்கிறார். அவருக்கும் எனக்கும் வெகு நாட்களாக ஒரு சண்டை. ஒரு வார்த்தை பேசாமலே நடந்த சண்டை. சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் என் தோல் செருப்பில் ஒன்றைக் கதவுக்குப் பக்கத்திலும், இன்னொன்றைக் கறிவேப்பிலைத் தொட்டிக்குப் பின்னாலும் விட்டுவிட்டு உள்ளே போவேன். காலையில் கதவைத் திறந்தால் இரண்டும் ஜோடி சேர்ந்து, முனை வெளிப்பக்கம் பார்த்தபடி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி நிற்கும். பிரிப்பது நான், சேர்ப்பது அவர். குடித்தனம் கெடுப்பவன் ஒருவன், பஞ்சாயத்துப் பண்ணி வைப்பவர் ஒருவர் என்று இந்த ஏற்பாடு ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது.

ஊரில் இருப்பவர்களுக்கு நான் ஏன் பிரித்தேன் என்று விளக்க வேண்டியதில்லை. இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் கோவில்பட்டிப் பக்கம் கோவிலுக்கோ கல்யாண மண்டபத்துக்கோ போனால் செருப்பை ஜோடியாக விட்டுவிட்டுப் போவது, வீட்டைத் திறந்து போட்டுவிட்டு வெளியூர் போவதற்குச் சமம். ஒன்றைத் தூணுக்கு அந்தப் பக்கம், மற்றதைத் தண்ணீர்த் தொட்டிக்கு இந்தப் பக்கம் விடுவோம். செருப்புத் திருடன் அவசரக்காரன், ஒற்றைச் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஜோடி தேடி அலைய மாட்டான் என்பது எங்கள் நம்பிக்கை. என் அண்ணன் இந்த வித்தையில் சூரர். தன் கல்யாணத்தன்றே பிரித்து வைத்துவிட்டு மணமேடை ஏறினார். தாலி கட்டி முடிந்ததும் இடது செருப்பை எங்கே வைத்தோம் என்பது மறந்துபோய், மண்டபத்தின் பின்பக்கமாக அவர் தேடிக்கொண்டு போனதைப் பார்த்து, மாப்பிள்ளை ஓடப் பார்க்கிறார் என்று பெண் வீட்டார் வழிமறித்தார்கள். அண்ணி அதை இன்னும் மன்னிக்கவில்லை.

சிங்கப்பூரில் அந்தப் பயத்துக்கு வேலையே இல்லை. எங்கள் நடைபாதையில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் விலை உயர்ந்த காலணிகள் அனாதையாகக் கிடக்கும். மூன்றாவது வீட்டுக் குடும்பம் விடுமுறைக்கு வெளிநாடு போனபோது, பெட்டியிலிருந்து எடுத்த வாசனை போகாத ஓட்டப் பந்தயக் காலணி ஒன்று வாசலிலேயே கிடந்தது. அவர்கள் நிம்மதியாகப் போய்விட்டார்கள். நான்தான் தினமும் அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வேலைக்குப் போனேன். மூளைக்கு எல்லாம் தெரியும். கால் என்னவோ இன்னும் கோவில்பட்டி பஸ்ஸை விட்டு இறங்கவில்லை.

என் சனிக்கிழமைகளுக்கு ஒரு முறை உண்டு. தேக்கா சந்தையில் காய்கறி வாங்குவது, அங்கிருந்து நடந்து ஜாலான் புசாரில் ஹமீது பாய் கடைக்குப் போவது. பாய் குழாய், பூட்டு, கீல் விற்கும் இரும்புக் கடைக்காரர். நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்த குடும்பம், அவர் இங்கேயே பிறந்தவர், பேச்சோடு இந்த ஊர் 'லா' ஒட்டிக்கொண்டிருக்கும். என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். எங்கள் வீட்டுக் குழாய் ஒழுகியபோது வாஷர் வாங்கப் போய் ஆரம்பித்த பழக்கம். குழாய் நின்றுவிட்டது, பழக்கம் நிற்கவில்லை.

ஒரு சனிக்கிழமை பாய் கடையை மத்தியானமே சாத்திவிட்டு, "வாங்க தம்பி, ஒரு இடம் காட்டுறேன். நான் துருப்பிடிச்சுப் போச்சுன்னு தூக்கிப் போட்ட கீலெல்லாம் அங்க கண்ணாடிப் பெட்டிக்குள்ள உக்காந்திருக்குலா" என்றார். இரும்புக் கடைகளைத் தாண்டி ஆற்றோரமாக நடந்தோம். பழைய கிடங்குகளைச் சுத்தம் செய்து, நடுவில் ஒரு முற்றம் விட்டு, சுற்றிச் சின்னச் சின்னக் கடைகள் வைத்திருந்தார்கள். பெரிய நிறுவனங்களின் கிளைகள் கிடையாது. எல்லாம் யாரோ ஒருவர் நல்ல வேலையை விட்டுவிட்டு வந்து ஆசைப்பட்டுத் தொடங்கியவை.

சிராங்கூன் சாலைக் கடைகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இவை கடைகளாகவே தெரியவில்லை. அங்கே கடை என்றால் உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தொங்க வேண்டும். வாளி, துடைப்பம், மாலை, மாம்பழம் எல்லாம் தலையில் இடிக்கும். இங்கே கதவுக்குள் ஒரு வெள்ளைச் சுவர், சுவரில் ஒரு பலகை, பலகையில் ஒரே ஒரு கிண்ணம். விலை கேட்கக் கூச்சமாக இருக்கும், விற்பவருக்குச் சொல்லவும் கூச்சமாக இருக்கும். தேநீர்க் கோப்பையில் கள்ளிச்செடி விற்கும் கடை ஒன்று. முடி வெட்டிக்கொண்டே காப்பி குடிக்கலாம் என்ற கடை ஒன்று, முடி காப்பியில் விழாதா என்று நான் கேட்கவில்லை. பாயின் துருப்பிடித்த கீல்கள் உண்மையிலேயே கண்ணாடிக்குள் இருந்தன. பாய் அவற்றைப் பார்த்துவிட்டு, வழி தவறிப் பெரிய இடத்தில் வாழ்க்கைப்பட்ட சொந்தக்காரப் பெண்ணைப் பார்ப்பதுபோலக் கொஞ்ச நேரம் நின்றார்.

சாப்பிட வாஃபிள் தோசை கிடைத்தது. தோசை மாவை வாஃபிள் அச்சில் ஊற்றி, அதன் குழிகளில் தேங்காய்ச் சட்னியைச் சொட்டுச் சொட்டாக விட்டுத் தருகிறார்கள். கூடவே மருந்துக் குப்பி அளவு கண்ணாடிக் குவளையில் ரசம். கடைப் பையன் அதை ஒரே மடக்கில் குடிக்கச் சொன்னான். என் மடியில் தேக்காவில் வாங்கிய முருங்கைக்காய்கள் பையை விட்டு நீட்டிக்கொண்டிருந்தன. எதிர்மேசைப் பெண் அவற்றைப் பார்த்து, எந்தக் கடையில் கிடைக்கிறது, என்ன வாத்தியம் என்று கேட்டாள். சாம்பார் என்றேன். அழகான பெயர் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. சாம்பிராணி! முற்றத்தின் மூலையில், பெயர்ப்பலகை இல்லாத ஒரு கடைக்குள்ளிருந்து புகை மெல்ல வந்துகொண்டிருந்தது. பழைய வீடு ஒன்றிலிருந்து பெயர்த்தெடுத்த மரநிலையை அங்கே வைத்திருந்தார்கள். உயரமான வாசற்படி, நிலையில் ஒரு சின்ன மணி. நான் பையோடு எழுந்தேன். அடுத்து நடந்ததில் என் மூளைக்குப் பங்கில்லை. மூக்கு சொன்னது, கால் கேட்டது. இடது செருப்பைச் செம்பருத்தித் தொட்டிக்குப் பக்கத்தில் விட்டேன். வலது செருப்பை வாஃபிள் கடையின் பெஞ்சுக்கு அடியில் தள்ளினேன். படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

உள்ளே சாமி இல்லை. முப்பது வயதுச் சீனப் பெண் ஒருத்தி முக்காலியில் உட்கார்ந்து கன்னத்தில் கை வைத்திருந்தாள். பெயர் ஸூ லிங் என்று பிற்பாடு தெரிந்தது. வாசனை மட்டும் விற்கும் கடை அது. பிசின், கட்டை, வேர், மெழுகுவத்தி. என் வெறுங்காலைப் பார்த்துப் பதறி எழுந்து, "அங்கிள், யுவர் லெக் பெயின் ஆ?" என்றாள். வலி இல்லை, இது வழக்கம் என்றேன். யாருடைய வழக்கம் என்றாள். இந்த வாசனை வந்தால் நாங்கள் செருப்பைக் கழற்றிவிடுவோம் என்றேன். அவள் என்னையே பார்த்தாள். திறந்த நாளிலிருந்து அவள் கடைக்குள் வந்தவர்களில் பாதிப் பேர் கழிவறை எங்கே என்று கேட்க வந்தவர்களாம். மரியாதையாக உள்ளே வந்தவன் நான்தான் என்றாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, ஒரு முருங்கைக்காயைக் கொடுத்தேன்.

பேச்சு வளர்ந்தது. அலுவலக வேலையை விட்டுவிட்டு இதைத் தொடங்கியிருக்கிறாள். அம்மா அவளிடம் பேசுவதில்லை, புகை விற்கவா படிக்க வைத்தேன் என்று கேட்டதோடு சரி. குத்தகை முடியப்போகிறது. ஆள் வராத கடையைப் புதுப்பிக்க மாட்டோம், குமிழித் தேநீர் விற்கும் ஒரு பெரிய நிறுவனம் அந்த மூலையைக் கேட்கிறது என்று முற்றத்து மேலாளர் சொல்லிவிட்டாராம். நான் அவளைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு, எங்கள் ஊர் வாசனையை இவ்வளவு தூரம் கொண்டுவந்து வைத்திருக்கிறாயே என்றேன். அவள் விழித்தாள். இதற்கு மலாயில் கெமெஞான் என்று பெயர், சுமத்ராவிலிருந்து வருகிறது, அதோ அந்தப் பக்கம்தான் என்று ஆறு போகும் திசையில் கையைக் காட்டினாள். சின்ன வயதில் மார்கழி முழுக்க நான் மூக்கு நிறைய இழுத்தது இந்தப் பக்கத்துக் காட்டுப் பிசின். என் ஊர் வாசனை என்று நான் நினைத்திருந்தது எனக்கு முன்னாலேயே இங்கிருந்து அங்கே குடிபோய், அங்கேயே பேர் வாங்கியிருக்கிறது. அதைக் கேட்டபோது எனக்கு ஏனோ கொஞ்சம் கோபம்கூட வந்தது.

வெளியே வந்தால் கூட்டம். கூட்டம் என்றால் ஆறேழு பேர்தான், ஆனால் அந்த மூலைக்கு அது கூட்டம். இரண்டு இளம்பெண்கள் என் இடது செருப்பைக் கீழே குனிந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒற்றைச் செருப்பைக் கண்டவர்கள் இன்னொன்றைத் தேடியிருக்கிறார்கள், பெஞ்சுக்கு அடியில் கண்டுபிடித்திருக்கிறார்கள், இரண்டுக்கும் நடுவே இருக்கும் தூரத்தைப் பார்த்துவிட்டு, இது இந்தக் கடைக்குள் நுழையும் முறை என்று முடிவு செய்துவிட்டார்கள். அவர்களும் தங்கள் காலணிகளைக் கழற்றி, ஒன்றைப் பூந்தொட்டியிலும் ஒன்றைப் படிக்கட்டிலுமாக வைத்துவிட்டு, வரிசையாக உள்ளே போனார்கள். சிங்கப்பூரில் நாலு பேர் ஒரு காரியத்தை வரிசையாகச் செய்தால் ஐந்தாவது ஆள் காரணம் கேட்பதில்லை. ஹமீது பாய் வாஃபிளை மென்றுகொண்டே, "என்ன தம்பி பண்ணி வச்சீங்க?" என்றார்.

"ஒண்ணும் பண்ணல பாய். செருப்ப விட்டேன்."

"இங்க யாருலா உங்க செருப்ப எடுக்கப் போறா? அத எடுத்துக் கொண்டுபோய் அவன் என்ன செய்வான்?"

எனக்கு ரோஷம் வந்தது. இரண்டையும் எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

அடுத்த சனிக்கிழமை போனபோது முற்றமே வேறாக இருந்தது. ஜன்னல் விளிம்பில் ஒரு ஷூ, சைக்கிள் கூடையில் ஒரு குதிகால் செருப்பு, கள்ளிச்செடிகளுக்கு நடுவே ஒரு ரப்பர் செருப்பு. எல்லாம் ஒற்றை. ஸூ லிங் கடைக்குள் நிற்க இடமில்லை. வந்தவர்கள் எல்லோரும் வாங்கினார்கள் என்று சொல்ல முடியாது, ஆனால் எல்லோரும் நெடுநேரம் இருந்தார்கள். வெளியே போனால் செருப்புத் தேட வேண்டுமே. தேடிக் களைத்தவர்கள் வாஃபிள் கடையில் உட்கார்ந்தார்கள். பக்கத்துக் கடைகளும் தலையெடுத்தன. ஸூ லிங் என்னைக் கண்டதும் ஓடி வந்து, "அங்கிள், ஸ்லிப்பர்! க்விக், க்விக்!" என்று இடத்தைக் காட்டினாள். மற்றவர்கள் செருப்பைப் பார்த்து மக்கள் வந்தாலும் முதல் செருப்பு என்னுடையதாக இருக்க வேண்டும் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. அதிலிருந்து சனிக்கிழமைதோறும் எனக்கு லீவு, என் செருப்புக்கு வேலை.

முற்றத்து மேலாளர் கழுத்தில் அட்டை தொங்க வந்தார். சின்ன வயது. என்னைப் பார்த்து, செருப்புகளை இப்படி வைத்த கலைஞர் நீங்கள்தானா என்று கேட்டார். நான் பேந்தப் பேந்த விழிக்கும்போதே பாய் முந்திக்கொண்டு, "யெஸ், ஐயம் ஹிஸ் மேனேஜர்" என்று கை குலுக்கிவிட்டார். கருத்தாக்கம் என்னவென்று மேலாளர் கேட்டார். எனக்குப் பொய் வராது. திருட்டுப் போகாமல் இருக்கத்தான் என்றேன். அவர் முகம் சிவந்து, இங்கே திருட்டு கிடையாது, நாலு மூலையிலும் கேமரா இருக்கிறது என்றார். தெரியும் என்றேன். தெரிந்துமா வைக்கிறீர்கள் என்றார். ஆமாம் என்றேன். அவர் தலையை மெல்ல ஆட்டினார். அடுத்த வாரம் செம்பருத்தித் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பலகை இருந்தது. இழப்பே இல்லாத நகரத்தில் இழப்பின் நினைவு என்று என்னவோ எழுதியிருந்தது. அதற்குக் கீழே ரப்பர் ஒட்டுப் போட்ட என் தோல் செருப்பு. பாய் அதைப் படித்துவிட்டு, "பரவாயில்லலா, நல்லா எழுதிருக்கான்" என்றார்.

இதெல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கெடுத்தது ஒழுங்கு. ஒரு சுற்றுலாப் பயணி தன் வலது ஷூவைக் கண்டுபிடிக்க முடியாமல் விமானத்தைத் தவறவிடப் பார்த்தார் என்று புகார் வந்ததாம். எள் என்றால் எண்ணெயாய் நிற்கும் நிர்வாகம் இது. ஒரே வாரத்தில் கடை வாசலில் அருமையான எஃகு அடுக்கு வந்து நின்றது. ஒவ்வொரு தட்டுக்கும் எண், எண்ணுக்குப் பக்கத்தில் கைபேசியால் படம் பிடிக்கும் கட்டம் போட்ட குறி. தயவுசெய்து ஜோடியாக வைக்கவும் என்று நான்கு மொழிகளில் எழுதியிருந்தது. தமிழிலும் பிழையில்லாமல் எழுதியிருந்ததால் என்னால் குறைகூட சொல்ல முடியவில்லை. எதிர்வீட்டு அம்மாளே நேரில் வந்து பதவியேற்றுக்கொண்டது போல இருந்தது.

அவ்வளவுதான். ஜோடியாக அடுக்கில் நிற்கும் செருப்பை யார் படம் எடுப்பார்கள்? மக்கள் அடுக்கைப் பார்த்தார்கள், செருப்பு விடும் இடம் என்று புரிந்துகொண்டார்கள், கழற்றச் சோம்பல்பட்டு அப்படியே போய்விட்டார்கள். இரண்டு சனிக்கிழமையில் அந்த மூலை பழையபடி ஆகிவிட்டது. ஸூ லிங் மறுபடி முக்காலியில் உட்கார்ந்து கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். வரும் சனிக்கிழமை முற்றத்து நிர்வாகத்தின் இயக்குநர் நேரில் வந்து பார்த்து முடிவு சொல்வாராம். கடை போனால் என்ன செய்வாய் என்று கேட்டேன். அம்மாவிடம் போய் நீ சொன்னதுதான் சரி என்று சொல்ல வேண்டும், அதுதான் அங்கிள் கஷ்டம் என்றாள். நான் அயல்நாட்டுக்காரன், இங்கே எனக்கென்று ஒரு மூலை இல்லையே என்று நினைக்க எனக்கு நியாயம் உண்டு. இவள் இந்த ஊரிலேயே பிறந்தவள், இவளுக்கும் ஒரு மூலை நிலைக்கவில்லை. எனக்கு அன்று ரயிலில் வரும்போது மனசே சரியில்லை. இங்கே வேலைக்காகவோ வீட்டுக்காகவோ அல்லாமல், சும்மா போக வேண்டும் என்று தோன்றி நான் போகும் இடம் அது ஒன்றுதான்.

அந்தச் சனிக்கிழமை என் மனைவி மல்லிகாவையும் கூட்டிக்கொண்டு போனேன். ஆள் எண்ணிக்கைக்கு ஆகட்டும் என்றுதான். அவளுக்கு இந்த விவகாரத்தில் மதிப்பு கிடையாது. "ஊருல செருப்பத் தொலைச்சோம், இங்க வந்து மானத்தத் தொலைக்கிறீங்க" என்று சொல்லிக்கொண்டே பட்டுச் சேலை கட்டி, தீபாவளிக்கு வாங்கிப் பெட்டியிலேயே வைத்திருந்த புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தாள். ஹமீது பாய் வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாகக் காத்திருந்தார். இயக்குநர் வந்தார். கண்ணாடி போல மின்னும் கறுப்பு ஷூ, பின்னால் மேலாளர், வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. இயக்குநர் காலியான அடுக்கைத் திருப்தியோடு பார்த்தார், காலியான கடையை அதே முகத்தோடு பார்த்தார்.

மல்லிகா வாசலுக்கு வந்தாள். சாம்பிராணிப் புகை முகத்தில் அடித்ததும் அவள் கால் நின்றது. அடுக்கை ஒரு பார்வை பார்த்தாள், குறியீட்டுக் கட்டத்தை ஒரு பார்வை பார்த்தாள்.

"என்னங்க, இதுல வைக்கவா? புதுச் செருப்புங்க! மொத்தமா இந்தான்னு எடுத்துக் குடுக்கிற மாதிரில்லா இருக்கு."

சொல்லிவிட்டு, யாரையும் கேட்காமல், ஒன்றைச் செம்பருத்தித் தொட்டிக்குப் பின்னால் சொருகினாள். இன்னொன்றைக் கையில் எடுத்துக்கொண்டு முற்றத்தைக் குறுக்கே கடந்து, முடிவெட்டும் கடையின் படிக்கு அடியில் வைத்தாள். சேலையைச் சரிசெய்துகொண்டு திரும்பி வந்து, படியைத் தொட்டுக் கும்பிட்டு உள்ளே போனாள். அவள் யாருக்காகவும் அதைச் செய்யவில்லை. அதனால்தான் முற்றத்தில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். பாய் ஒரு பெருமூச்சு விட்டு, "சரிலா, நம்மளும் செய்வோம்" என்று தன் செருப்பில் ஒன்றைத் தன் பழைய கீல்கள் இருந்த கண்ணாடிப் பெட்டிக்கு முன்னாலும் மற்றதை அதற்கு நேர் எதிர்மூலையிலும் வைத்தார். நானும் வைத்தேன்.

இயக்குநர் மேலாளரிடம் என்னவோ கேட்டார், மேலாளர் பலகையைக் காட்டினார். இயக்குநர் படித்தார். மரியாதை தெரிந்த மனிதர். மெல்லக் குனிந்து ஷூவின் நாடாவை அவிழ்த்து, ஒன்றைப் படியோரம் வைத்தார், மற்றதை எங்கே வைப்பதென்று தெரியாமல் சுற்றிப் பார்த்துவிட்டு வாஃபிள் கடையின் பெஞ்சுக்கு அடியில் வைத்தார். அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. சிங்கப்பூர் மழைக்கு முன்னுரை கிடையாது. வாஃபிள் கடைக்காரர்கள் குடை, பெஞ்சு, மாவு வாளி எல்லாவற்றையும் கையில் கிடைத்தபடி உள்ளே இழுத்துப் போட்டுக் கதவைச் சாத்தினார்கள். நாங்கள் எல்லோரும் ஸூ லிங் கடைக்குள் இருந்தோம்.

மழை விட்டுப் பார்த்தால் இயக்குநரின் வலது ஷூவைக் காணோம். மேலாளர் காலுறையோடு முற்றம் முழுவதும் ஓடினார். கேமராவைப் பார்த்தார்கள், மழைதான் தெரிந்தது. திருட்டே நடக்காத ஊரில் இயக்குநரின் ஷூ காணாமல் போய்விட்டது. மல்லிகா என் காதில், "பாத்தீங்களா?" என்றாள். அவள் குரலில் அப்படி ஒரு நிறைவு. இயக்குநருக்கு வேறு வழியில்லை. மறுபடி உள்ளே வந்து முக்காலியில் உட்கார்ந்தார். ஸூ லிங் புதிதாகக் கொஞ்சம் பிசின் தூவினாள். மேலாளர் தேடத் தேட அவர் உட்கார்ந்திருந்தார். முதலில் கைபேசியைப் பார்த்தார், பிறகு அதை உள்ளே வைத்தார், பிறகு சுவரில் சாய்ந்தார். கொஞ்ச நேரத்தில் குறட்டைச் சத்தம் கேட்டது. நாங்கள் யாரும் அசையவில்லை. பாய்கூட இருமலை அடக்கிக்கொண்டார்.

ஷூ மாவு வாளிக்குள் கிடைத்தது. வாஃபிள் கடைக்காரர்கள் அதைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்தபோது இயக்குநர் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தோம். தான் பகலில் தூங்கிப் பல வருடம் ஆகிறது என்றார். ஷூவுக்குள் காலை விட்டு, ஈரத்தோடு ஒரு சுற்று நடந்துபார்த்துவிட்டு, இந்தக் கடை இங்கேயே இருக்கட்டும், அந்த அடுக்கை மட்டும் எடுத்துவிடுங்கள் என்று மேலாளரிடம் சொல்லிவிட்டுப் போனார். ஸூ லிங் மல்லிகாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். மல்லிகா தமிழிலேயே ஆறுதல் சொன்னாள். ஸூ லிங்கும் ஆங்கிலத்தில் என்னவோ சொல்லிக்கொண்டே அழுதாள். இருவருக்கும் மற்றவர் பேசியது புரிந்ததாகத் தெரியவில்லை, ஆனால் இரண்டு பேரும் தலையாட்டிக்கொண்டார்கள்.

அடுத்த மாதம் நாங்கள் விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. ஸூ லிங் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். நான் இல்லாத சனிக்கிழமைகளில் செருப்பு இல்லாமல் எப்படி என்று அவளுக்குக் கவலை. விட்டுவிட்டுப் போங்கள் அங்கிள் என்றாள். எனக்கு மனசு வரவில்லை. இரண்டையும் ஒரே இடத்தில் விடுவதாவது! ஒன்று தருகிறேன் என்றேன். இடது செருப்பைச் செம்பருத்தித் தொட்டிக்குப் பக்கத்தில் விட்டுவிட்டு, வலது செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு, வெறுங்காலோடு வீடு வந்து வழக்கம்போல வாசலில் விட்டேன். மறுநாள் காலையில் தெம்பனிஸ் வீட்டு வாசலில் ஒற்றைச் செருப்பு மட்டும் கிடப்பதைப் பார்த்த எதிர்வீட்டு அம்மாள், இத்தனை நாளில் முதல் தடவையாக என்னிடம் பேசினார்.

"அனதர் ஒன், வேர்?"

ஆற்றுப் பக்கம் கையைக் காட்டினேன். அவர் தொட்டிக்குப் பின்னால் இன்னொரு தடவை குனிந்து பார்த்துவிட்டு, வருத்தத்தோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவருடைய வேலையை நான் பறித்துவிட்டேன்.

அந்த ஒற்றைச் செருப்பைப் பெட்டியில் வைத்தபோது மல்லிகா தலையில் அடித்துக்கொண்டாள். போட்டுக்கொண்டு போன ஷூவையும் மதுரையில் இறங்கியதும் கடிக்கிறது என்று கழற்றி, அழைக்க வந்த காரிலேயே மறந்துவிட்டேன். கோவில்பட்டியில் அண்ணன் வீட்டு வாசலில் வெறுங்காலோடு இறங்கி, பெட்டியைத் திறந்து, வலது செருப்பை எடுத்து வாசலில் வைத்தேன். ஏன் வைத்தேன் என்று கேட்டால் எனக்கும் சொல்லத் தெரியாது. வைக்க வேண்டும் போல இருந்தது. அண்ணன் ஈஸிசேரிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்னடா ஒத்தச் செருப்பு? இன்னொன்ன எங்க?"

"சிங்கப்பூர்லண்ணே. ஒரு கடை வாசல்ல விட்டுட்டு வந்திருக்கேன்."

சிரிப்பார், திட்டுவார் என்று காத்திருந்தேன். அண்ணி சமையற்கட்டிலிருந்து வந்து நின்றாள். அண்ணன் செருப்பைப் பார்த்தார். பிறகு சாய்ந்துகொண்டார்.

"நல்லதுதான். ரெண்டையும் ஒரே ஊருல விட்டா எவனாவது தூக்கிட்டுப் போயிருவான்."

 அன்று சாயங்காலம் கடைத்தெருவுக்குப் போக எனக்குச் செருப்பு இல்லை. அண்ணனுடையதைப் போட்டுக்கொண்டு போனேன். அது எனக்கு ஒரு அளவு பெரிது.